செர்ரிக் கட்டையை அப்படியே விடுங்கள்: பிரிட்டனின் உளுத்த மரங்களும் அவற்றில் குடியிருக்கும் வண்டுகளும்

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், புதிதாகப் படிப்பவர்களுக்கும் புரியும். தென்மேற்கு லண்டனில், நியூ மால்டன் பக்கம், பழைய வீடு ஒன்றை வாங்கியிருக்கிறீர்கள். பின்பக்கத் தோட்டத்தில் யாரோ எப்போதோ வெட்டிய செர்ரி மரத்தின் அடிக்கட்டை இருக்கிறது. அதை எடுத்துவிட்டு ஷெட் போடலாம் என்று மண்வெட்டியால் ஓரத்தைக் கிளறியபோது கட்டைவிரல் தடிமனில் நாலைந்து வெள்ளைப் புழுக்கள் உருண்டு விழுந்தன. ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மா பார்த்தவுடனே "இது தென்னையை அழிக்கிற புழு, மிதிச்சுக் கொல்லு" என்கிறார். பில்டர், இது வீட்டு உத்திரத்தையும் தின்றுவிடும் என்கிறார். பக்கத்து வீட்டு வெள்ளைக்காரப் பாட்டி மட்டும் ஐயோ அதைத் தொடாதே என்று பதறுகிறார். யார் சொல்வது சரி என்று கேட்டிருக்கிறீர்கள்.

பாட்டி சொல்வதுதான் சரி. முதல் வேலையாக, புழுக்களை எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்து, கட்டையிலிருந்து உதிர்ந்த அதே மக்கிய தூளையும் மண்ணையும் மேலே போட்டு மூடிவிடுங்கள். வாளியில் போட்டு வைத்திருக்கிறேன், சனிக்கிழமை பார்க்கலாம் என்று தள்ளிப் போடாதீர்கள், அவை காய்ந்து செத்துப்போகும். மூடிவிட்டு வந்து நிதானமாகப் படியுங்கள், பதில் கொஞ்சம் நீளம்.

நீங்கள் சொன்ன அடையாளங்கள், அதாவது பால்வெள்ளை உடம்பு, ஆரஞ்சு நிறத் தலை, அதே நிறத்தில் ஆறு கால்கள், அரிவாள் மாதிரி வளைந்து கிடப்பது, அதுவும் மண்ணுக்கடியில் இற்றுப்போன வேரில் கிடப்பது, இவ்வளவும் ஒன்றாகச் சேர்ந்தால் உங்கள் பகுதியில் அது பெரும்பாலும் ஸ்டாக் பீட்டிலின் புழுதான். தமிழில் மான்கொம்பு வண்டு என்று வைத்துக்கொள்வோம். தண்ணீரில் வாழ்பவற்றை விட்டுவிட்டால் பிரிட்டனின் மிகப் பெரிய வண்டு இது, ஆண் வண்டு கொம்போடு சேர்த்து 7.5 சென்டிமீட்டர் வரை வரும். சந்தேகம் இருந்தால் புழுவின் பின்பக்கத்தைப் பாருங்கள். மலத்துவாரம் நெடுக்குவாட்டில் கீறியது போல இருந்தால் மான்கொம்பு வண்டுக் குடும்பம். குறுக்குவாட்டில் இருந்தால் சேஃபர் என்கிற வேறொரு வண்டு வகை. கம்போஸ்ட் குவியலில் கிடைக்கிற புழுக்கள் அநேகமாக ரோஸ் சேஃபர், அதைத் தரையில் விட்டால் மல்லாந்து படுத்து முதுகாலேயே நகர்ந்து போகும், ஒரு தடவை பார்த்தால் மறக்க மாட்டீர்கள்.

அம்மா சொல்வதை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. தென்னை வைத்திருக்கும் வீட்டில் வளர்ந்த யாருக்கும் எருக்குழியையோ செத்த தென்னையின் அடியையோ கிளறும்போது வரும் அந்தக் கொழுத்த வெள்ளைப் புழு தெரிந்திருக்கும். காண்டாமிருக வண்டின் புழு. பார்க்க ஏறக்குறைய இதே அச்சு. ஆனால் அங்கேயும் தென்னையைக் கெடுப்பது புழு இல்லை, வளர்ந்த வண்டு. அதுதான் குருத்தைத் துளைத்து உள்ளே போய் மரத்தைப் பாழாக்குகிறது. மான்கொம்பு வண்டிடம் அந்தப் பேச்சே கிடையாது, வளர்ந்த பிறகு அது கெட்டியாக எதையும் தின்பதில்லை. புழுப் பருவத்தில் சேர்த்துவைத்த கொழுப்பில்தான் அதன் மிச்ச வாழ்க்கை ஓடுகிறது. மரத்தில் கசியும் சாறு, கீழே விழுந்து கனிந்த பழம், கிடைத்தால் நக்கிக்கொள்ளும், அவ்வளவுதான். அந்தப் பயங்கரக் கொம்பும் ஆண்கள் தங்களுக்குள் மல்லுக்கட்டுவதற்கு மட்டும்தான். விரலைக் கொடுத்துப் பார்க்க ஆசைப்பட்டால் ஆணிடம் கொடுங்கள், பெண்ணிடம் வேண்டாம். சின்னத் தாடை உள்ள பெண்தான் நறுக்கென்று கடிக்கும்.

புழுவின் வாழ்க்கை மண்ணுக்கடியில், மெதுவாகப் போகிறது. பெண் வண்டு மண்ணைத் தோண்டி, இற்ற வேருக்குப் பக்கத்தில் முட்டையிடும். புழு மூன்று வருடத்திலிருந்து ஏழு வருடம் வரை அந்த உளுத்த மரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டித் தின்னும். உயிருள்ள மரத்தைத் தொடாது. முழு வளர்ச்சி வந்ததும் மரத்தை விட்டு வெளியேறி, மண்ணில் ஒரு கூடு கட்டி, உள்ளே வண்டாக மாறி, மாறின பிறகும் வெளியே வராமல் குளிர்காலம் முழுவதும் அங்கேயே கிடந்து, மே மாதக் கடைசியில் ஏதோ ஒரு வெதுவெதுப்பான சாயங்காலம் தலையை நீட்டும். ஆகஸ்ட் முடிவதற்குள் பெரும்பாலானவை செத்துவிடும். ஏழு வருடம் இருட்டில் இருந்துவிட்டு வெளியே நாலைந்து வாரம். உங்கள் கையில் விழுந்த புழு தன் வாழ்வின் நான்காம் வருடத்தில் இருக்கலாம், ஆறாம் வருடத்திலும் இருக்கலாம், பார்த்துச் சொல்வது கஷ்டம்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் என் சொந்தத் தப்பு. பதினைந்து வருடம் முன்னால் எங்கள் தோட்டத்தில் இருந்த பிளம் கட்டையை ஒரு ஆளை வைத்து இயந்திரத்தால் அரைக்கச் சொன்னேன். அரை மணி நேர வேலை, சுத்தமாக முடித்துவிட்டுப் போனார். சாயங்காலம் தூளை அள்ளிப் பாத்தியில் போடும்போது பார்த்தால் தேங்காய்த் துண்டு மாதிரி வெள்ளை வெள்ளையாக ஏதோ கலந்து கிடந்தது. ஒன்றில் ஆரஞ்சுத் தலை மட்டும் முழுதாக இருந்தது. அது என்னவென்று தேடப் போய்த்தான் நான் இந்த வண்டுகளிடம் வந்து சேர்ந்தேன்.

சரி, இது ஒரு வண்டோடு முடிகிற கதை இல்லை. பிரிட்டனில் ஏறக்குறைய 4000 வண்டு இனங்கள் இருக்கின்றன, அவற்றில் சுமார் 700 இனங்களுக்கு ஏதோ ஒரு பருவத்தில் செத்த மரமோ, உளுத்துப்போகும் மரமோ, அதில் வளரும் பூஞ்சையோ இருந்தே ஆக வேண்டும். இவற்றில் பல, மான்கொம்பு வண்டைப் போலத் தோட்டத்துக் கட்டையோடு சமாதானம் ஆகிவிடுவதில்லை. முந்நூறு, நானூறு வயசான மரத்தின் பொந்துதான் வேண்டும் என்று அடம் பிடிப்பவை.

ஏன் அப்படி என்று புரிய, மரம் எப்படி உளுக்கிறது என்று கொஞ்சம் பார்க்க வேண்டும். நாம் வைரம் பாய்ந்த மரம் என்று பெருமையாகச் சொல்கிறோமே, அந்த வைரம் மரம் உயிரோடு இருக்கும்போதே செத்துப்போன பகுதிதான். உயிர் ஓடுவது பட்டைக்கு உள்ளே இருக்கும் வெளி வளையங்களில். அதனால் நடுவில் பூஞ்சை புகுந்து வைரத்தைத் தின்று மரம் குழாய் மாதிரி ஆகிவிட்டாலும், மரம் தன்பாட்டுக்குத் தழைத்துக்கொண்டே இருக்கும், நூறு வருடம், சில ஓக் மரங்களில் இன்னும் பல நூறு வருடம். பொந்து விழுந்துவிட்டது, மரத்துக்கு வியாதி, வெட்டிவிடலாம் என்று கவுன்சிலுக்குப் போன் போடுபவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். அது வியாதி இல்லை, கிழமரத்தின் சாதாரண நிலை.

உளுப்பிலும் வகை உண்டு. சில பூஞ்சைகள் மரத்தின் நாரை, அதாவது செல்லுலோசைத் தின்றுவிட்டு, மரத்துக்குக் கெட்டித்தன்மை தரும் லிக்னினை மிச்சம் வைக்கும். மிஞ்சுவது செங்கல் நிறத்தில், கட்டம் கட்டமாக வெடித்து, விரலால் நசுக்கினால் பொடியாகிற உளுப்பு. ஓக் மரத்தில் மஞ்சளும் ஆரஞ்சுமாக அடுக்கடுக்காக முளைக்கும், 'சிக்கன் ஆஃப் தி வுட்ஸ்' என்று இங்கே பொரித்துத் தின்கிற காளான் இருக்கிறதே, அது செய்கிற வேலை இது. வேறு பூஞ்சைகள் லிக்னினையும் கரைத்துவிடும், அப்போது மரம் வெளுத்து, ஈரத்தோடு, நார் நாராகிப் போகும். செங்கல் உளுப்பில் இருக்கும் வண்டு வெள்ளை உளுப்பில் இருக்காது. காய்ந்த உளுப்பில் இருப்பது ஈர உளுப்பில் இருக்காது. உச்சியில் வெயில் பட்டுக் காய்ந்த கிளைக்கு ஒரு கூட்டம், பட்டைக்கடியில் ஒரு கூட்டம், அடியில் வேரோரம் கறுப்பாகச் சேறு மாதிரிக் கிடக்கும் தூளுக்கு வேறொரு கூட்டம், பொந்துக்குள் கூடு கட்டிய எறும்போடு மட்டும் குடியிருக்கும் சிலது. ஒரே ஓக் மரத்தில் இத்தனை வாடகைக்காரர்கள், ஒருத்தருக்கொருத்தர் அறையை மாற்றிக்கொள்ளக்கூட மாட்டார்கள்.

இதில் எனக்குப் பிடித்தது வயலட் கிளிக் பீட்டில். கிளிக் பீட்டில் என்றால், மல்லாக்கப் போட்டதும் டக்கென்று சொடுக்கி எகிறும் அந்த நீள வண்டு. இந்த இனம் ஒரு சென்டிமீட்டர் சொச்சம், கறுப்பு உடம்பில் லேசாக ஊதா நீலம் ஓடும். பிரிட்டனில் இதை 1937-ல் விண்ட்சரில் முதல் முதலாகக் கண்டுபிடித்தார்கள். இன்றுவரை மொத்த பிரிட்டனிலும் அது இருப்பதாகத் தெரிந்த இடங்களை ஒரு கை விரல்களுக்குள் எண்ணிவிடலாம்: விண்ட்சர், வூஸ்டர்ஷரில் பிரெடன் குன்று, குளோஸ்டர்ஷரில் டிக்ஸ்டன் காடு. விண்ட்சரில் பீச் மரம், மற்ற இடங்களில் ஆஷ் மரம். பொந்து இருந்தால் மட்டும் போதாது, அது தரைமட்டம் வரை இறங்கியிருக்க வேண்டும், அடியில் தேங்கிய தூள் கறுத்து, எப்போதும் ஈரமாக, காபி வடிகட்டியதும் மிஞ்சும் சக்கை மாதிரி இருக்க வேண்டும். இப்படிப்பட்ட மரம் ஒரு காட்டில் நூற்றுக்கு ஒன்று தேறினால் அதிகம். அந்த ஒன்று புயலில் சாய்ந்துவிட்டால் பக்கத்தில் அடுத்தது தயாராக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அத்தோடு கதை முடிந்தது.

செங்கல் உளுப்பில் வாழும் லேக்கன் குவர்சியஸ் என்ற இன்னொரு கிளிக் பீட்டிலுக்கு பிரிட்டனில் விண்ட்சரை விட்டால் வேறு இடமே தெரியாது. ஹெரிஃபர்ட்ஷரில் மாக்கஸ் பார்க் என்று ஒரு பழைய மான் பூங்கா, அங்கே இருக்கும் மாக்கஸ் பீட்டில் இரண்டு மில்லிமீட்டர்தான், எள்ளளவு. பிரிட்டனில் அந்த ஒரே பூங்காவின் கிழ ஓக் மரங்களில்தான் அதைப் பார்த்திருக்கிறார்கள். இங்கிலாந்து முழுக்க ஓக் மரம் இருக்கும்போது இது ஏன் வேலி தாண்டிப் பக்கத்து ஊருக்குப் போகவில்லை? வேலிக்கு அப்பால் இருப்பவை எல்லாம் இளசுகள். எண்பது வயசு ஓக் இந்த வண்டைப் பொறுத்தவரை மொட்டைப் பாறை மாதிரி.

சில வருடம் முன்னால் ஒரு கணக்கெடுப்புக்குத் துணையாள் போல நானும் போயிருந்தேன். பெரிய வேலை எதுவும் இல்லை, டார்ச் பிடிப்பது, தட்டு பிடிப்பது. பொந்துக்குள் கையை விட்டு ஒரு பிடி தூளை அள்ளி வெள்ளைத் தட்டில் சல்லடையால் சலிப்பார்கள். முதலில் ஒன்றும் தெரியாது, வெறும் தூள். ஒரு நிமிடம் அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தால் தூளில் சிலது நடக்கத் தொடங்கும். கறுப்பு றெக்கை ஒன்று, வண்டின் முதுகு மட்டும் தனியாக, பறவை இறகு, ஆந்தை உமிழ்ந்த எலும்பு, நடுவே ஊசி நீளத்தில் பளபளப்பான பழுப்பு நிறப் புழு. பார்த்து முடித்ததும் அந்தத் தூளை ஒரு சிட்டிகை விடாமல் அதே பொந்தில் திருப்பிக் கொட்டினார்கள், தட்டைக் கவிழ்த்துத் தட்டிவிட்டு, மிச்சத்தைப் பிரஷ்ஷால் துடைத்தும் போட்டார்கள். அந்த ஒரு பிடி சேர ஐம்பது வருடம் ஆகியிருக்கும் என்றார் கூட இருந்தவர்.

இங்கிலாந்தில் காடு குறைவு, ஐரோப்பாவிலேயே காடு குறைந்த நாடுகளில் ஒன்று, ஆனாலும் கிழ ஓக் மரங்கள் மட்டும் பக்கத்து நாடுகளைவிட எக்கச்சக்கம். இது முரண் மாதிரித் தெரியும். காரணம் ராஜாக்களின் வேட்டைப் பித்து. நார்மன் காலத்திலிருந்து அரசனும் பிரபுக்களும் மான் வேட்டைக்காக நிலங்களை வளைத்துப்போட்டார்கள். அங்கே மரங்கள் நெருக்கமாக இல்லாமல் புல்வெளி நடுவே தள்ளித் தள்ளி நின்றன, வெயில் நன்றாகப் பட்டு அடி பருத்தன. மான் வாய்க்கு எட்டாத உயரத்தில் தலையை மட்டும் வெட்டி விறகுக்கும் தழைக்கும் எடுத்துக்கொள்வார்கள், அடிமரம் நிற்கும், மறுபடி தழைக்கும். இப்படித் தலை வெட்டிய மரம் சீக்கிரம் பொந்து விடும், ஆனால் நெடுநாள் வாழும். பொந்து விழுந்த மரத்துக்கு மர வியாபாரியிடம் விலை இல்லை, அதனால் கோடரியும் வரவில்லை. ஐரோப்பாவின் மற்ற பகுதிகளில் காட்டை ஒழுங்காக நிர்வகித்து, நூற்றைம்பது வருடத்தில் வெட்டி, நேர்வரிசையில் நட்டு, எல்லாம் முறைப்படி செய்தார்கள். முறைப்படி செய்த இடங்களில் கிழமரம் தங்கவில்லை. இங்கே பிரபுக்களின் வீம்பில் தங்கிவிட்டது.

உங்களுக்குப் பக்கத்திலேயே இருக்கும் ரிச்மண்ட் பார்க் அப்படித்தான், முதலாம் சார்லஸ் 1637-ல் சுவர் எழுப்பி மான்களுக்காக அடைத்த இடம். ஊர்க்காரர்கள் மேய்ச்சல் நிலம் போயிற்றே என்று சண்டைக்கு நின்றார்கள், அது வேறு கதை. சுமார் 2500 ஏக்கர், அதில் இதுவரை 1350-க்கும் மேற்பட்ட வண்டு இனங்கள் பதிவாகியிருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளைக் கூட்டிப்போய் மானுக்கு முன்னால் போட்டோ எடுக்கிறோம், பக்கத்தில் விழுந்து கிடக்கும் ஓக் கட்டையில் உட்கார்ந்து சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிக்கிறோம். கட்டையை ஏன் இன்னும் அகற்றாமல் வைத்திருக்கிறார்கள் என்று நம்மாட்கள் கேட்பதைக் காதால் கேட்டிருக்கிறேன். வேண்டுமென்றேதான் விட்டிருக்கிறார்கள்.

பழங்கதை இன்னும் ஒன்று சொல்லியாக வேண்டும். 1970-களில் கிழக்கு ஆங்கிலியாவில் ஒரு விவசாயி தன் நிலத்துக் கரிச்சேற்றிலிருந்து எடுத்த கறுத்த ஓக் துண்டைப் பிளந்தபோது உள்ளே நீண்ட உணர்கொம்புகளோடு பெரிய வண்டுகள் இருந்தன. முழுசாக. ஏதோ வெளிநாட்டுப் பூச்சி உயிரோடு தன் மரத்தில் புகுந்துவிட்டது என்று பயந்து லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்கு எடுத்துப் போனார். கார்பன் கணக்குப் போட்டுப் பார்த்ததில் ஏறக்குறைய 3800 ஆண்டு பழசு. கேப்ரிகார்ன் பீட்டில் என்கிற அந்த இனம் தெற்கு, நடு ஐரோப்பாவில் இன்றும் இருக்கிறது, பிரிட்டனில் அற்றுப்போய்விட்டது. யார்க்ஷரின் தோர்ன் மூர்ஸ் சதுப்பிலும் வெண்கலக் காலத்து மரத்தோடு இப்படி வண்டுகளை எடுத்திருக்கிறார்கள், அவற்றிலும் இன்று இந்தத் தீவில் இல்லாத இனங்கள் உண்டு. பழங்காடு போகப் போக அதன் வண்டுகளும் போயின. இப்போது மிஞ்சியிருப்பவை மான் பூங்காக்களில் ஒண்டிக்கொண்டு தப்பியவை.

இனிமேல் என்ன ஆகும் என்று கேட்டால், எனக்குப் பயம் வயசு இடைவெளியில்தான். ஒரு பூங்காவில் 500 வயசு மரங்கள் இருபது இருக்கும், 80 வயசு மரங்கள் இருநூறு இருக்கும், நடுவில் ஆளே இருக்காது. கிழவர்கள் போன பிறகு இளசுகள் பொந்து விடும்வரை வண்டுகள் எங்கே போய் இருக்கும்? இதில் மர நோய்கள் வேறு. 1970-களில் டச் எல்ம் நோய் பரவி இரண்டரைக் கோடி எல்ம் மரங்களுக்கு மேல் போயின, அந்தப் பூஞ்சையைச் சுமந்து போனதும் பட்டைக்கடியில் வாழும் ஒரு குட்டி வண்டுதான், எல்லா வண்டும் சாது என்று நான் சொல்லவில்லை. 2012-ல் ஆஷ் டைபேக் என்கிற, ஆஷ் மரங்களைக் கொல்லும் பூஞ்சை நோய் இங்கே உறுதியானது. பிரெடன் குன்றின் வயலட் கிளிக் பீட்டில் நம்பியிருப்பது ஆஷ் மரத்தை.

இதையெல்லாம்விட வண்டுகளுக்கு அதிகக் கெடுதல் செய்தது சுத்தம் பார்க்கும் புத்தி என்று நான் நினைக்கிறேன். 1987 அக்டோபரில் அடித்த பெரும்புயலில் ஒன்றரைக் கோடி மரம் விழுந்தது. விழுந்ததை அப்படியே விட்டிருந்தால் வண்டுகளுக்கு அது பொங்கல். பல இடங்களில் புல்டோசர் கொண்டுவந்து வழித்து எரித்துவிட்டு, புதுக் கன்றுகளை வரிசையாக நட்டார்கள். சாய்ந்தும் வேர் அறாமல் கிடந்த மரங்கள், விட்டிருந்தால் படுத்தபடியே தழைத்திருக்கக் கூடியவை, அவற்றையும் சேர்த்து வெட்டினார்கள். இன்றைக்கு அந்தப் புத்தி கொஞ்சம் மாறியிருக்கிறது. ஸ்வீடன், நார்வே, இங்கிலாந்து மூன்று நாட்டிலும் இளம் ஓக் மரங்களை வேண்டுமென்றே காயப்படுத்தி, அதாவது அடியில் குதிரை கடித்த மாதிரிப் பட்டையை உரித்து, மரங்கொத்திப் பொந்து மாதிரித் துளை போட்டு, சீக்கிரம் கிழடாக்கிப் பார்க்கிறார்கள். ஸ்வீடன்காரர்கள் மரப்பெட்டி செய்து, உள்ளே ஓக் தூளும் சருகும் காய்ந்த புல்லும் நிரப்பி மரத்தில் கட்டித் தொங்கவிட்டார்கள், சில பெட்டிகளில் ஒரு செத்த கோழியையும் போட்டார்களாம், பொந்தில் பறவை செத்துக் கிடக்குமே, அந்தச் சத்துக்காக. பொந்து வண்டுகள் பல அதில் வந்து குடியேறவும் செய்தன.

பழத்தோட்ட விஷயத்தை ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன், உங்களுடையதும் செர்ரி என்பதால். நோபிள் சேஃபர் என்று பச்சை உலோகம் மாதிரி மினுங்கும் ஒரு வண்டு, வூஸ்டர்ஷர், குளோஸ்டர்ஷர், ஹெரிஃபர்ட்ஷர் பக்கத்துப் பழைய பிளம், செர்ரி, ஆப்பிள் மரப் பொந்துகளில் வளர்கிறது. பழமரம் ஓக் மாதிரி முந்நூறு வருடம் எடுத்துக்கொள்ளாது, எழுபது எண்பதிலேயே கிழடு தட்டிப் பொந்து விட்டுவிடும், அதனால் அங்கே ஒரு நம்பிக்கை இருக்கிறது. லண்டனில் அதை எதிர்பார்க்காதீர்கள்.

அடுத்து பில்டர் சொன்னது. வீட்டு மரத்தைத் தின்னும் வண்டுகள் இங்கே உண்டு, பொய் இல்லை. ஆனால் அவை வேறு. ஓக் உத்திரங்களைத் துளைப்பது டெத்வாட்ச் பீட்டில், தலையால் மரத்தில் டக் டக்கென்று தட்டித் துணையைக் கூப்பிடும். சாகக் கிடப்பவர் பக்கத்தில் இரவு விழித்திருப்பவர்கள் அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் அந்தப் பெயர் வந்தது. வெஸ்ட்மின்ஸ்டர் ஹாலின் 14-ம் நூற்றாண்டுக் கூரையை அது எப்படிக் குடைந்தது என்றால், 1914-ல் தொடங்கி எஃகுச் சட்டம் கொடுத்துத் தாங்க வேண்டியதாயிற்று. அதை ஒழிக்க மருந்து தேடச் சொல்லி ஹெரால்ட் மேக்ஸ்வெல் லெஃப்ராய் என்ற பூச்சியியல் பேராசிரியரைக் கேட்டார்கள். அவர் அதற்கு முன் பீகாரின் பூசாவில் இந்திய அரசின் பூச்சியியல் அதிகாரியாக இருந்தவர், உங்கள் அம்மா சொல்லும் தென்னை வண்டெல்லாம் அவருக்கு நன்றாகத் தெரிந்திருக்கும். அந்த மருந்திலிருந்து 1925-ல் அவர் தொடங்கியதுதான் ரென்டோகில் நிறுவனம். அதே வருடம் ஆய்வகத்தில் நச்சுவாயு தாக்கி இறந்துபோனார்.

அந்த டெத்வாட்ச் பீட்டிலும் ஈரம் ஊறிப் பூஞ்சை பிடித்த ஓக் மரத்தில்தான் பிழைக்கும். உங்கள் கூரை பைன் மரமாக இருக்கும், ஹீட்டிங் போட்டுக் காய்ந்து கிடக்கும். பைன் மரத்தைத் தின்கிற ஹவுஸ் லாங்ஹார்ன் என்ற ஒன்று உண்டு, அதற்காகவே சர்ரே பக்கம் சில ஊர்களில் கூரை மரத்துக்கு மருந்து பூச வேண்டும் என்று கட்டட விதியே இருக்கிறது. அதற்கும் உங்கள் செர்ரிக் கட்டைக்கும் சம்பந்தமில்லை. மான்கொம்பு வண்டின் புழுவை உங்கள் உத்திரத்தின் மேலேயே கொண்டுபோய் விட்டாலும் அது பசியால் செத்துப்போகும். பில்டர் கெட்டவர் என்று சொல்ல வரவில்லை, கட்டையை எடுத்தால் அவருக்கு ஒரு நாள் கூலி.

ஒரே ஒரு விஷயத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். கட்டையின் பட்டையை லேசாகத் தூக்கினால் அடியில் வெள்ளைப் படலமும், ஷூ லேஸ் மாதிரிக் கறுப்பு இழைகளும் தெரிகின்றனவா? தெரிந்தால் ஹனி ஃபங்கஸாக இருக்கலாம், அது பக்கத்தில் உயிரோடு இருக்கும் செடி மரங்களுக்கும் பரவும். அப்போது முடிவு உங்கள் தோட்டத்தில் வேறு என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்தது. கண்ணான மரம் ஒன்று பக்கத்தில் இருந்தால் யோசிக்க வேண்டும். வெறும் புல்தரைதான் என்றால் நான் விட்டுவிடுவேன்.

ஷெட்டை இரண்டடி தள்ளிப் போட முடிந்தால் அதுதான் நல்லது. முடியவே முடியாது என்றால், அரைக்கும் இயந்திரம் வேண்டாம். தோட்டத்தில் வேறொரு மூலையில், கொஞ்சம் நிழலும் கொஞ்சம் வெயிலும் விழும் இடத்தில், இரண்டடி ஆழத்துக்குக் குழி வெட்டுங்கள். கட்டையைக் கையால் தோண்டி, பெரிய துண்டுகளாகவே எடுத்து, புழுக்களையும் சுற்றியுள்ள தூளையும் சேர்த்து அங்கே புதைத்துவிடுங்கள். அதோடு பட்டை உரிக்காத ஓக், பீச், ஆப்பிள் என்று எது கிடைத்தாலும், கை அகலத்துக்குக் குறையாத உருளைகளை நிறுத்தின வாக்கில் பாதி மண்ணுக்குள் இருக்கும்படி நடுங்கள். பைன் போடாதீர்கள், வர்ணம் அடித்த பலகை, ரசாயனம் ஏற்றிய வேலிக்கம்பம் கூடவே கூடாது. அடியில் இற்றுப்போகப் போக, சில வருடத்துக்கு ஒரு முறை ஒன்றிரண்டு புது உருளை சேருங்கள். பெண் வண்டு அதிக தூரம் போவதில்லை, தான் வெளியே வந்த இடத்தின் பக்கத்திலேயே முட்டையிடப் பார்க்கும், அதனால்தான் இந்தத் தொடர்ச்சி முக்கியம். ஒரு தெருவில் நாலு வீட்டில் கட்டை இருந்தால் ஒரு கூட்டமே பிழைத்துக்கொள்ளும்.

சட்டம் பற்றியும் கேட்டிருந்தீர்கள். 1981-ம் வருட வனவிலங்குச் சட்டப்படி மான்கொம்பு வண்டை விற்பதுதான் குற்றம். உங்கள் தோட்டத்துக் கட்டையை எடுக்க அந்தச் சட்டம் தடை போடாது. வயலட் கிளிக் பீட்டிலுக்கு முழுப் பாதுகாப்பு உண்டு, அது உங்கள் வீட்டில் இல்லை. ஆகவே யாரும் அபராதம் போட வரமாட்டார்கள், நீங்களாகப் பார்த்துச் செய்வதுதான். பீப்பிள்ஸ் ட்ரஸ்ட் ஃபார் எண்டேஞ்சர்ட் ஸ்பீஷீஸ் அமைப்பு 1998 முதல் இந்த வண்டை எங்கெங்கே பார்த்தார்கள் என்று பொதுமக்களிடம் கேட்டுப் பதிந்து வருகிறது, புழுவையும் சேர்த்துத்தான். பாட்டியிடம் கேட்டுப் பாருங்கள், அவர் ஏற்கெனவே எழுதிப் போடுகிறவராக இருந்தால் எனக்கு ஆச்சரியம் இல்லை.

அம்மா எவ்வளவு நாள் இருப்பார் என்று தெரியவில்லை. மே கடைசி, ஜூன் முதல் வாரம் வரை இருந்தால், மழையில்லாத, புழுக்கமான ஒரு நாள் பார்த்து, பொழுது சாயும் நேரம் தோட்டத்தில் நாற்காலி போட்டு உட்காரச் சொல்லுங்கள். ஆண் வண்டு பறந்து வரும்போது கிட்டத்தட்டச் செங்குத்தாக, கொம்பைத் தூக்கிக்கொண்டு, குட்டி ஹெலிகாப்டர் மாதிரி உறுமிக்கொண்டு வரும், தலைமேல் மோதினாலும் மோதும். செருப்பை மட்டும் முன்கூட்டியே அவர் கைக்கு எட்டாத இடத்தில் வைத்துவிடுங்கள்.